சாம்பல் நிறச் சட்டியோடும் அதன் முறிவும்

அமெரிக்கத் தொல்பொருள் நூல்களில் 'தென்மேற்கு' என்னும் சொல் அடைமொழியின்றி வருமாயின், அது அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களையும் அவற்றை அடுத்த கொலராடோ, யூட்டா மாநிலங்களின் தென்பகுதிகளையும் உள்ளடக்கிய வறண்ட மேட்டு நிலத்தைக் குறிக்கும். திருவனந்தபுரத்தில் அமர்ந்து மொழிபெயர்ப்பவனுக்கோ அச்சொல் முதற்கண் நினைவூட்டுவது இடவப்பாதி மழையையும் விழிஞ்ஞம் கடற்கரையையுமே ஆகும். அந்நாட்டுப் பண்டைக் குடிகள் வனைந்த சாம்பல் நிறப் புழங்கு பாண்டங்களை இனங்காண்பது பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்க நேர்ந்தபோது, அதன் தலைப்பிலிருந்த சொற்கள் ஒவ்வொன்றும் என்னை நிறுத்தி வைத்தன. 'சாம்பல் பாண்டம்' என்றெழுதினால், பிணம் எரித்த சாம்பலை இட்டுப் புதைத்த கலமோ என்று வாசகர் ஐயுறுவர். கர்நாடகத்திலும் ஆந்திர, தெலங்கானாப் பகுதிகளிலும் மாட்டுச் சாணம் எரிந்து குவிந்த புதிய கற்காலச் சாம்பல் மேடுகள் உள்ளன. 1957-ஆம் ஆண்டில் ஆல்சின் என்னும் அறிஞர் ஊட்னூரில் அகழ்ந்தது அத்தகைய மேடு ஒன்றையே. அம்மேட்டிலிருந்து வந்த கலமோ என்றும் சிலர் கருதக்கூடும். ஆகவே 'நிறம்' என்ற சொல்லைச் சேர்க்காமல் விடுவதற்கில்லை. அடுத்து, 'உபயோகப் பாண்டம்' என்பது அகராதிக்குப் பொருந்தலாம். ஆயினும் உபயோகமற்ற பாண்டத்தை எவர் வனைவார்? நம் இல்லங்களில் அன்றாடம் புழங்கும் பாத்திரம் என்றும், விசேஷ நாட்களுக்கென எடுத்து வைத்த பாத்திரம் என்றும் பெண்மணிகள் பிரித்துப் பேசுவதுண்டு. அவ்வழக்கைப் பின்பற்றியே 'புழங்கு பாண்டம்' என்று வைத்துக்கொண்டேன்.

சொற்கள் ஒருவாறு அமைந்த பின்னர், அக்கட்டுரையின் விஷயம் நம் களங்களுக்கும் எவ்வளவு நெருங்கியது என்பது புலப்பட்டது. தென்னிந்தியாவில் எந்த அகழ்குழியை எடுத்துக்கொண்டாலும் கூடை கூடையாக வெளிவருவது இத்தகைய முரட்டு ஓடுகளே. வண்ணம் தீட்டிய ஓடும் எழுத்துக் கீறிய ஓடும் அயல்நாட்டு மதுச்சாடியின் கைப்பிடியும் பஞ்சில் பொதிந்து பெட்டிக்குச் செல்கின்றன. சோறு வடித்த பானையும் மீன் காய்ச்சிய சட்டியும் எண்ணிக்கைப் புத்தகத்தில் 'சாம்பல் நிற முரட்டுக் கலம்' என்ற ஒரே வரியில் அடங்கி, குழியை மூடும்போது மண்ணோடு மண்ணாகின்றன. இவ்வழக்கம் தவறு என்பதும், நிறத்தைக் கொண்டு ஓட்டுக்குப் பெயரிடும் பழக்கமே இத்தவற்றுக்கு வேர் என்பதும் என் கருத்து. நான் தொல்பொருள் நிபுணன் அல்லன். நிபுணர் எழுதியவற்றைப் பல ஆண்டுகளாகத் தமிழில் எழுதி வருபவன் மட்டுமே. இக்குறிப்பைக் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் அந்த அளவிலேயே ஏற்றருள வேண்டுகிறேன்.

முதலில் நிறத்தைப் பற்றிச் சொல்லிவிடுவோம். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் களிமண்ணில் இரும்பு கலந்திருக்கும். சூளையில் காற்று தாராளமாக நுழைந்தால் அவ்விரும்பு சிவந்து பாண்டம் செந்நிறம் பெறும். காற்று குறைந்து புகை மிகுந்தால் அதே மண்ணே சாம்பல் நிறமாகவோ கருமையாகவோ வெளிவரும். மண்ணில் கலந்திருந்த இலை, வேர் முதலியவற்றின் கரி முழுதும் எரியாது தங்கிவிட்டால், இருபுறமும் சிவந்து நடுவே மட்டும் சாம்பல் நிறப் பட்டை ஓடும். ஆகவே சாம்பல் நிறம் என்பது பெரும்பாலும் சூளையில் நெருப்பும் காற்றும் நடந்துகொண்ட விதத்தைக் காட்டுவது. மண் எவ்வூரது, காலம் எது என்பவற்றை அது தானாகச் சொல்லாது. நம் பெருங்கற்காலக் கறுப்புச் சிவப்புப் பாண்டம் ஒன்றே இதற்குப் போதிய சான்று. ஒரே கலத்தின் உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்திருக்க, வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவந்திருக்கும். அதன் வாய் ஓட்டையும் அடி ஓட்டையும் தனித்தனியே கையில் கொடுத்தால், பழக்கமற்றவர் இரண்டு வகைக் கலங்கள் என்றே எழுதிவிடுவார்.

சூளையை விட்டு வந்த பின்னரும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். இந்நகரில் வாழ்வோர் இதனை ஆண்டுதோறும் கண்ணெதிரே காணலாம். மாசி மாதத்தில் ஆற்றுக்கால் பொங்கலன்று, சாலைக் கடைத்தெருவில் வாங்கிய புதுப் பானைகள் காலையில் செக்கச் செவேலெனச் செங்கல் அடுப்புகளில் ஏறுகின்றன. தென்னோலையும் பாளையும் எரிந்து அடங்கும்போது அவற்றின் அடியும் விலாவும் கரி படிந்து, செம்மை தெரியாமற் போகின்றன. அத்தகைய பானை ஒன்று கைதவறி உடைந்தால் அதன் முறிவைக் கவனியுங்கள். வெளிப்பரப்பில் நகத்தால் சுரண்டினால் வரும் மெல்லிய கரிப்படலம், உள்ளே காலையில் வாங்கியபோதிருந்த அதே செம்மண். ஒரே நாளின் சமையலில் இவ்வளவு மாற்றம் நிகழுமாயின், ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் புழங்கிய சட்டி எந்நிறத்தில் மண்ணுள் புகுந்திருக்கும்? இதற்கு மாறானதும் உண்டு. உடைந்த சட்டியின் ஒரு துண்டு அடுப்பினுள் விழுந்து மீண்டும் எரிந்தால் அது சிவந்துவிடும். அதன் அருகில் கிடந்த துண்டோ சாம்பல் நிறமாகவே இருக்கும். ஓரங்கள் அணுவும் பிசகாமல் பொருந்தும் இரண்டு ஓடுகள் நிறத்தால் மாறுபட்டிருக்கக் காண்பது களப்பணியில் அரிய நிகழ்ச்சி அன்று.

கேரள மண்ணில் இன்னுமொரு சங்கடம் இருக்கிறது. செம்புரைக்கல் நிலத்தின் புளிப்புத் தன்மையும் ஆண்டில் இருமுறை பொழியும் பருவமழையும் ஓட்டின் மேற்பரப்பை அரித்துவிடும். காவிப் பூச்சு இருந்ததா, தேய்த்து மெருகிட்டிருந்தார்களா என்பதை வெளித்தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாத ஓடுகள் மிகப் பல. மெருகு போன நுண்ணிய கலம் முரட்டுக் கலமாகத் தோன்றும்.

ஆதலின் ஓட்டின் பழைய முறிவையும் நம்ப வேண்டா. குறடு கொண்டு ஓர் ஓரத்தில் சிறு சில்லைப் புதிதாகக் கிள்ளி, அப்புதிய முறிவைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்சு கொண்டு நோக்க வேண்டும். இதனைப் பொறுப்பான அதிகாரியின் அனுமதியுடன், விளிம்பையும் குறிகளையும் விட்டு விலகிச் செய்தல் முறை. அங்கே தெரிபவை மூன்று. சூட்டின் பட்டைகள் ஒன்று. மண்ணின் நயம் ஒன்று. மண்ணோடு வனைவோர் சேர்த்த மணல், கல் நொய், உமி போன்ற பொருள்கள் மற்றொன்று. உமி எரிந்துபோய் அதன் வடிவம் மட்டும் நுண்துளையாக நிற்கும். அப்பிரகம் மின்னும். சிப்பித்தூளோ சுண்ணாம்புத் துகளோ இருப்பின், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஒரு சொட்டு நுரைத்துக் காட்டிக்கொடுக்கும். ஆய்வுக்கூட வசதி உள்ள கல்லூரிகளில் இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். ஒரே மாதிரியான இரண்டு சாம்பல் நிறச் சில்லுகளைக் காற்றோட்டமுள்ள மின்னுலையில் ஏறத்தாழ 900 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் மீண்டும் சுட்டுப் பாருங்கள். ஒன்று செங்கல் நிறமாகவும் மற்றொன்று வெளிர் மஞ்சளாகவும் மாறினால் அவை வெவ்வேறு மண்ணில் வனைந்தவை என்பது உறுதி. புகைமூடிய நிறம் மறைத்து வைத்திருந்ததை நெருப்பே திறந்து காட்டுகிறது. அமெரிக்க அறிஞர் அன்னா ஷெப்பர்டு அம்மையார் 1956-இல் வெளியிட்ட மட்பாண்ட நூல் இத்தகைய சோதனைகளை விரிவாக விளக்குகிறது. அந்நூலுக்கு வயதாகிவிட்டது என்று சொல்வாருண்டு; கைலென்சுக்கு வயதாகவில்லை.

இனி, கள ஊழியர்கள் அதிகமாக வழுக்கி விழும் இடத்திற்கு வருகிறேன். 1947-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் கர்நாடகத்துப் பிரம்மகிரியில் அகழ்ந்தபோது, மூன்று பண்பாட்டு அடுக்குகளைக் கண்டார். அடியில் மெருகிட்ட கற்கோடரிகளோடு கிடைத்தது, சக்கரமின்றிக் கையால் வனைந்த முரட்டுச் சாம்பல் நிறப் பாண்டம். அதற்கு மேல் பெருங்கற்காலக் கறுப்புச் சிவப்புப் பாண்டம். அதற்கும் மேல் ஆந்திர காலத்துப் பாண்டம். பின்னர்த் தமிழகத்தில் பையம்பள்ளியிலும் புதிய கற்கால மக்களின் சாம்பல் நிறப் பாண்டம் வெளிப்பட்டது. தென்னிந்தியப் புதிய கற்காலம் ஏறத்தாழ கி.மு. 3000-இல் தொடங்கியது என்று இன்று கொள்கின்றனர். இவ்வரலாற்றைப் படித்த ஊழியரின் உள்ளத்தில், 'சாம்பல் நிறம், கையால் வனைந்தது, முரடு' என்ற மூன்றும் சேர்ந்தால் புதிய கற்காலம் என்றொரு சூத்திரம் பதிந்துவிடுகிறது.

சூத்திரத்தின் நடு உறுப்பே இடறச் செய்வது. நம் நாட்டுக் குயவர் உருண்டை அடிகொண்ட பானையை வனையும் முறையை ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வாயும் கழுத்தும் சக்கரத்தில் உருவாகின்றன. அடிப்பாகமோ தடித்த சுவராகவே, சில சமயம் திறந்தபடியே, சக்கரத்தை விட்டு இறங்குகிறது. ஈரம் சற்று வற்றியபின், உள்ளே ஒரு வழவழப்பான கல்லை அணைத்துப் பிடித்து, வெளியிலிருந்து மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை உருட்டி மெல்லியதாக்கி மூடுகிறார்கள். ஆகவே ஒரே பானையின் கழுத்தோட்டில் சக்கரம் சுழன்ற இழைக்கோடுகள் இருக்கும்; அடியோட்டில் அவை அடிபட்டு அழிந்து, உட்புறத்தில் கல்லழுந்திய குழிகள் மட்டும் இருக்கும். அந்த அடியோட்டைத் தனியே கண்டவர் 'கையால் வனைந்தது' என்றெழுதினால் அவர் கண்ணில் குற்றமில்லை. ஆனால் முடிவு பிழை. உருண்டை அடியே அடுப்பில் ஏறுவது. உடைவதும் பெரும்பாலும் அதுவே. கரியேறிச் சாம்பல் நிறமாகக் காட்சியளிப்பதும் அதுவே. சென்ற நூற்றாண்டில் உடைந்த கஞ்சிப் பானையின் அடியோடு, மூவாயிரம் ஆண்டுப் பழமை பெற்றுப் பதிவேட்டில் ஏறும் வழி இதுதான்.

மற்ற இடங்களைக் காட்டிலும் கேரளத்தில் இப்பிழை பெருந்தீங்கு செய்யும். இங்கே புதிய கற்காலத்திற்குரியவையாகக் கிடைத்திருப்பவை பெரும்பாலும் தனித்துக் கண்டெடுத்த கற்கோடரிகளே. அக்காலத்து மட்பாண்டச் சான்று மிகச் சொற்பம். 1948-இல் தாப்பர் திருச்சூர் மாவட்டத்துப் போர்க்களத்தில் அகழ்ந்ததும், மலையாள மொழியில் நன்னங்காடி என்று வழங்கும் முதுமக்கள் தாழியைச் சார்ந்த பெருங்கற்கால ஈமச்சின்னமே. சான்று குறைந்த இடத்தில் ஒரு தவறான பதிவு பலமடங்கு கனம் பெற்றுவிடும். இரண்டு மூன்று அடியோடுகளை வைத்து ஒரு மாவட்டத்திற்குப் புதிய கற்காலக் குடியிருப்பை உண்டாக்கிவிட முடியும். பின்வருவோர் அதனை மேற்கோள் காட்டத் தொடங்கிவிட்டால் அகற்றுவது அரிது.

ஆயின் உண்மையான புதிய கற்காலச் சாம்பல் நிறப் பாண்டத்தை எவ்வாறு அறிவது? விளிம்பு, மூக்கு, மூடி ஆகிய வடிவுறுப்புகள் முதற்சான்று. சுடுவதற்கு முன் கூழாங்கல்லால் தேய்த்த மெருகின் தடங்கள், சுட்ட பின்னர் விளிம்பில் தீட்டிய காவிப் பட்டை ஆகியவை துணைச்சான்று. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஓடு கிடைத்த மண்ணடுக்கும், அவ்வடுக்கில் அதனோடு கிடைத்த பிற பொருள்களும் வேண்டும். மண்ணடுக்கு அறியப்படாத தனி அடியோட்டுக்குக் காலம் எழுதாமல் விடுவதே நேர்மை.

சாம்பல் நிறம் முரட்டுத்தனத்துக்கும் அடையாளமாகாது. அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் கண்ட, உட்புறத்தில் உருளை கொண்டு புள்ளிவரிசை பதித்த தட்டுகள் மிக நயமான மண்ணாலானவை. அவற்றின் முறிவும் பெரும்பாலும் சாம்பல் நிறமே. அவற்றை மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்தவை என்றே முதலில் கருதினர். பிற்காலத்து ஆய்வுகள், குறிப்பாக மண்ணைப் பகுத்தறிந்த ஆய்வுகள், அவை இந்தியாவிலேயே வனைந்தவை என்று காட்டின. தோற்றத்தால் கடல் கடந்து சென்ற கலம், மண்ணின் சாட்சியத்தால் நாடு திரும்பியது.

இப்போது என் சொந்தப் பிழை ஒன்றைக் கூறிக்கொள்ளல் வேண்டும். வனைவோர் களிமண்ணோடு சேர்க்கும் மணல், கல் நொய் முதலியவற்றை ஆங்கிலத்தில் 'டெம்பர்' என்பர். அகராதியில் அச்சொல்லுக்குச் சினம், மனநிலை, இரும்பைக் காய்ச்சித் தோய்த்துக் கொள்ளும் பதம் என்றெல்லாம் பொருள் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்துக்காகக் களப் பதிவுப் படிவம் ஒன்றைத் தமிழாக்கினேன். மட்பாண்டம் எதனையும் முறித்துப் பார்த்திராத காலம் அது. கொல்லன் உலைக்குரிய பொருளே இங்கும் பொருந்தும் என்று எண்ணி, 'மண்ணின் பதம்' என்று அக்கட்டத்துக்குத் தலைப்பிட்டேன். எவரும் ஐயம் எழுப்பவில்லை. தமிழ்ச் சொல் அவ்வளவு இயல்பாக அமைந்துவிட்டது. ஊழியர்கள் அக்கட்டத்தில் 'நன்று', 'கெட்டி', 'சுமார்' என்று பணிவுடன் நிரப்பி அனுப்பினர். மணலா, உமியா, அப்பிரகமா என்று ஒரு படிவத்திலும் இல்லை. மூல நூலோடு ஒப்பிட்ட ஒருவர் இதனைச் சுட்டிக்காட்டியபோது பருவம் முடிந்திருந்தது. படிவம் நிரம்பிய ஓடுகள் வழக்கம்போல் குழியை மூடும் மண்ணோடு போய்விட்டன. மீண்டும் பார்ப்பதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. அன்று முதல் அச்சொல்லைச் 'சேர்மானம்' என்றே எழுதி வருகிறேன்.

சேர்மானத்தின் பெருமையை நான் தமிழாக்கிய அந்த அமெரிக்கக் கட்டுரையின் விஷயமே நன்கு விளக்குகிறது. அங்குள்ள பண்டைப் புவெப்லோ மக்கள் சக்கரம் அறியாதவர்கள். மண்ணைத் திரியாக உருட்டிச் சுற்றி அடுக்கிப் பாண்டம் செய்தனர். தொடக்கத்தில் அத்திரிகளை முழுதும் வழித்துச் சமமாக்கினர். சுமார் 9-ஆம் நூற்றாண்டில் கழுத்திலுள்ள திரிகளை மட்டும் வளையம் வளையமாக விட்டனர். சுமார் 11-ஆம் நூற்றாண்டு முதல் பாண்டம் முழுவதும் திரிகளை விரலால் கிள்ளி அலையலையாக விட்டனர். வண்ணம் இல்லாத சமையற் பாண்டத்துக்கும் இவ்வாறு காலவரிசை உண்டு. கோல்ட்டன், ஹார்கிரேவ் என்னும் இருவர் 1937-இல் வெளியிட்ட கையேட்டில் ஒவ்வொரு வகைக்கும் ஓர் இடப்பெயரையும் பரப்பின் தன்மையையும் இணைத்துப் பெயரிட்டு, மண், சேர்மானம், சுவரின் கனம் ஆகியவற்றையும் தவறாமல் குறித்தனர். 'லினோ சாம்பல்' என்றால் அது நிறத்தின் பெயர் மட்டுமன்று. அதனுடன் ஒரு முழு விவரப்பட்டியல் வருகிறது. நம் பதிவேட்டில் 'சாம்பல் நிற முரட்டுக் கலம்' என்று எழுதும்போது பின்னால் வருவது என்ன?

நியூ மெக்சிகோவில் சாக்கோ என்றொரு பள்ளத்தாக்கு உள்ளது. அங்கே நூற்றுக்கணக்கான அறைகளைக் கொண்ட புவெப்லோ போனிட்டோ என்னும் கற்கட்டடம் இருக்கிறது. அங்குக் கிடைத்த சமையற் பாண்ட ஓடுகளை மேலே சொன்ன ஷெப்பர்டு அம்மையார் நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தபோது, அவற்றுட் பலவற்றின் சேர்மானம் ஓர் எரிமலைப் பாறையின் பொடி என்று கண்டார். அப்பாறை சாக்கோவில் இல்லை. மேற்கே சுமார் 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுஸ்கா மலைத்தொடரில் இருக்கிறது. வண்டியும் பொதிமாடும் இல்லாத நாட்டில், சமைக்கும் சட்டியை அவ்வளவு தொலைவு தலையிலும் முதுகிலும் சுமந்து வந்தார்கள் என்பதை ஏற்க அன்று பலர் தயங்கினர். அவரவர் வீட்டுச் சட்டியை அவரவர் வீட்டுப் பெண்களே செய்தனர் என்பது அக்காலத்தின் பொதுவான நம்பிக்கை. பின்னர் நடந்த விரிவான ஆய்வுகள் ஷெப்பர்டின் முடிவையே உறுதிப்படுத்தின. அழகிய வண்ணக் கலங்களை மட்டும் போற்றிச் சாம்பல் நிற ஓடுகளை எறிந்திருந்தால், ஒரு சமுதாயம் உணவுக் கலத்துக்கே அயலாரை நம்பி வாழ்ந்த செய்தி அப்பள்ளத்தாக்கின் மண்ணிலேயே கிடந்திருக்கும்.

நம் கடற்கரையில் இத்தகைய கேள்விகளைக் கேட்க இடம் இருக்கிறது. விழிஞ்ஞத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறையினர் 2010-க்குப் பின் நடத்திய அகழ்வில் மேற்காசிய வணிகத் தொடர்பைக் காட்டும் ஓடுகள் வந்தன. எறணாகுளம் மாவட்டத்துப் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழ்வுகள், ரோமானிய மதுச்சாடிகளால் புகழ் பெற்றன. இவ்விரு இடங்களிலும் மிகுதியாகக் கிடைத்தவை உள்ளூர்ப் பாண்ட ஓடுகளே. துறைமுகத்தில் கூலி செய்தவரும் படகோட்டியும் உண்ட சோறு எங்குள்ள மண்ணால் செய்த பானையில் வெந்தது? ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாண்டி நாட்டுப் பானைகள் மேற்கே வந்தனவா? 1956-இல் வரைந்த மாநில எல்லை இன்றைய அலுவலகக் கோப்புகளைப் பிரிக்கலாம். பண்டைக் குயவரின் மண்ணை அது பிரித்திருக்க இயலாது. ஆதிச்சநல்லூர்த் தாழியின் சேர்மானத்தையும் நாஞ்சில் நாட்டுத் தாழியின் சேர்மானத்தையும் ஒரே லென்சின் கீழ் வைத்துப் பார்க்க விரும்புகிறவருக்கு, இரண்டு இடங்களிலும் ஒரே விதமாக நிரப்பிய பதிவுகள் தேவை.

'எல்லா ஓடுகளையும் வைத்துக்கொள்ள இடம் ஏது?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மழைக்காலத்தில் சாக்குப்பை மக்கி, காகிதச் சீட்டைச் செல்லரித்து, எந்தக் குழியின் ஓடு என்றே தெரியாமற்போன குவியல்களை நானும் பார்த்திருக்கிறேன். அவ்வாறு காப்பதைவிட எறிவதே மேல் என்று சலித்துக்கொண்ட ஒரு மூத்த ஊழியரை என்னால் குறை கூற முடியவில்லை. ஆயினும், யாவற்றையும் வைப்பது, யாவற்றையும் எறிவது என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. வாய் விளிம்பு, அடி, மூக்கு, கைப்பிடி, மூடி ஆகியவற்றை முழுதும் வைத்துக்கொள்ளலாம். வெறும் உடல் ஓடுகளை, அடுக்குவாரியாக, புதிய முறிவில் தெரியும் மண்ணையும் சேர்மானத்தையும் கொண்டு பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் பத்துப் பன்னிரண்டு ஓடுகளை மட்டும் அழியாத எழுத்துள்ள சீட்டோடு காத்து, எஞ்சியவற்றை எண்ணி நிறுத்து எழுதிய பின்னரே கழிக்கலாம். ஒரு கூடைக்கு அரை மணி நேரம் கூடுதலாகச் செலவாகும். அகழ்வுக்குச் செலவாகும் பொழுதோடு ஒப்பிட இது பெரிதன்று.

காக்கும் ஓடுகளில் சிலவற்றைக் கழுவாமலும் வைக்க வேண்டும். சமைத்த உணவின் கொழுப்பு முரட்டுப் பாண்டத்தின் நுண்துளைகளில் ஊறித் தங்கிவிடும். ஹரப்பா நாகரிகக் களங்களின் ஓடுகளிலிருந்து அக்கொழுப்பைப் பிரித்து, இறைச்சியும் பாற்பொருளும் சமைக்கப்பட்டதை ஆராய்ந்த கட்டுரை 2020-இல் வெளிவந்தது. தூரிகையும் சவர்க்காரமும் கொண்டு பளபளக்கத் தேய்த்த ஓட்டில் அத்தகைய ஆராய்ச்சிக்கு ஆதாரம் குன்றிவிடும். வெறுங்கையால் தொடாமல், மண்ணோடு அலுமினியத் தாளில் பொதிந்து வைப்பது நலம்.

ஆசிரியர்களுக்குத் தனியே ஒரு சொல். மறையூர்ப் பகுதியிலும் நாஞ்சில் நாட்டிலும் உள்ள பள்ளிகளின் மாணவர்கள் வயலிலும் தோட்டத்திலும் பானையோடுகளைக் கண்டெடுத்து வருவதுண்டு. அவ்வார்வத்தைக் கண்டிக்க வேண்டியதில்லை. கிடைத்த இடத்தை எழுதி வைத்து மாநிலத் தொல்பொருள் துறைக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். தோண்டுவதற்கு மட்டும் ஒருபோதும் இடந்தர வேண்டா. பாதுகாக்கப்பட்ட இடங்களில் அது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும். பழைய ஓட்டை வகுப்பில் முறித்துக் காட்டுவதும் கூடாது. வீட்டில் உடைந்த சட்டியும், பொங்கல் முடிந்து எறிந்த பானையும், சந்தையில் கிடைக்கும் கறுத்த மீன்சட்டியும் பாடத்துக்குப் போதும். மூன்றையும் முறித்து மாணவர் கையில் கொடுத்து, கறுப்பு எதுவரை சென்றிருக்கிறது, உள்ளே மின்னுவது என்ன, எந்த ஓட்டில் சக்கரக் கோடு இருக்கிறது, எதில் இல்லை என்று எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் அவ்வூர்க் குயவரையே வகுப்புக்கு அழைத்து, மண்ணோடு எதனை எவ்வளவு சேர்க்கிறார், ஏன் சேர்க்கிறார் என்று கேட்கச் சொல்லுங்கள்.

அவர் அச்சேர்மானத்துக்கு வழங்கும் பெயரையும் கேட்டு எழுதி அனுப்புவீர்களாயின் கடமைப்பட்டவனாவேன். 'சேர்மானம்' என்பது என் மேசையில் அமர்ந்து நான் தேர்ந்த சொல். மண் மிதிப்பவர் நாவில் அதனினும் பொருத்தமான சொல் இருக்குமாயின், பதிவுப் படிவத்தைத் திருத்தும்போது அக்கட்டத்தின் தலையில் அதனை இடுமாறு முன்மொழிவேன்.